மெழுகு பூசிய ஆணி

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருதுநகர் பழைய பஜாரில் பருப்புக் கடைகளுக்கும் எண்ணெய்க் கடைகளுக்கும் நடுவே எங்கள் மரச்சாமான் கடை இருக்கிறது. மாமனார் தொடங்கியது. என் கணவர் பள்ளி ஆசிரியர், கடையில் உட்காரும் பொறுமை அவருக்குக் கிடையாது. அதனால் கல்யாணமாகி வந்த மறு வருடத்திலிருந்தே கடை என் பொறுப்பு. பூரிக்கட்டை, மத்து, அஞ்சறைப்பெட்டி, நடைவண்டி, பிள்ளைகளுக்கு மரச்சொப்பு, கொலுவுக்கு மரப்பாச்சி என்று எல்லாம் வைத்திருக்கிறோம். கடைசல் வேலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார். சின்னச் சின்ன ரிப்பேர்களை நானே பார்த்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். நடைவண்டி வாங்க வருகிறவர்களிடம், "நாங்க ஆணியே அடிக்கறதில்லையே, எல்லாம் மரமுளைதான், பிள்ளை கையக் கிழிக்காது" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை. எங்கள் ஆசாரி இரும்பு ஆணியைக் கையால் தொடமாட்டார். ஆனால் கடை மேசை டிராயரில் ஒரு டப்பா நிறைய ஆணி இருக்கும். காலண்டர் மாட்ட, சாக்குத் திரை கட்ட என்று நான் வாங்கிப் போட்டது.

அன்றைக்குச் சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து, பன்னிரண்டு மணிக்குத்தான் கடையைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டாசு கம்பெனிகளுக்கு லீவு. அந்தப் பக்கத்து ஜனங்கள் சாமான் வாங்க பஜாருக்கு வருகிற நாள் அது என்பதால் கடையை அடைத்துப் போட மனம் வராது. ஆனால் வீட்டில் நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. கறிக்குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு மணிக்குப் பூட்டிவிட வேண்டும் என்று கண் கடிகாரத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம். பட்டாசு கம்பெனியில் மருந்து கெட்டிக்கிற வேலை, அதாவது குழாய்க்குள் வெடிமருந்தைப் போட்டுத் தட்டி இறுக்குவது. மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு கொட்டாப்புளியை எடுத்து மேசையில் வைத்தாள். கொட்டாப்புளி என்றால் மரச்சுத்தியல். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கடையில் வாங்கியதுதான். புளியமரத் தலை, கைக்கு அடக்கமான பிடி. கம்பெனியிலும் கொட்டாப்புளி தருவார்கள். அது கனமாக இருக்கும், நாள் முழுக்கத் தட்டினால் மணிக்கட்டு வீங்கிவிடும். அதனால் சில பெண்கள் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வார்கள். போர்மேனும் கண்டுகொள்ளமாட்டார்.

பிடி ஆடிப்போயிருந்தது. தலையைப் பிடித்துத் திருகினால் சுற்றியது.

"இன்னிக்கு ஆசாரி இல்ல தாயி. செவ்வாய்க்கிழமை வா. இல்லேன்னா புதுசு ஒண்ணு எடுத்துக்கோ" என்றேன்.

"நாளைக்கு வேலைக்குப் போணும்க்கா. புதுசு வேணாம், இது கைக்குப் பழகிப்போச்சு. சீசன் நேரத்துல வேற கட்டையப் பிடிச்சா வேகம் வராது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆணி கீணி வச்சிராதீகக்கா. ஆப்பு வச்சே இறுக்கிக் குடுங்க. உள்ள இரும்பு ஆகாது" என்றாள்.

"அடி, எனக்கே பாடம் எடுக்கியாக்கும்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிள்ளைக்கு ரிப்பன் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு கம்பெனிக்குள் இரும்பு போகக்கூடாது. இரும்பு உரசினால் பொறி வரும், மருந்துக்கு ஒரு பொறி போதும். செல்போனைக்கூட கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அள்ளுகிற கரண்டி, தட்டுகிற கட்டை எல்லாம் மரம். அதனால்தான் எங்களைப் போன்ற கடைகளுக்கும் கம்பெனிகளிலிருந்து ஆர்டர் வருகிறது. அந்தப் பெண் வேலை பார்த்த கம்பெனிக்கு மரக்கரண்டியும் சல்லடைச் சட்டமும் நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மூங்கிலைச் சீவி ஆப்பு வைத்து அடித்தேன். பிடியின் நுனி ஏற்கெனவே விரிந்திருந்ததால் ஆப்பு நிற்கவில்லை. இன்னொன்று வைத்தேன், அதுவும் பிதுங்கி வந்தது. பிடியையே மாற்ற வேண்டிய வேலை அது. மணி ஒன்றாகப் போகிறது. வீட்டிலிருந்து போன், குழம்புக்கு உப்புப் போட்டாயா இல்லையா என்று. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. டிராயரைத் திறந்தேன், தலை இல்லாத சின்ன ஆணி ஒன்றை எடுத்தேன், பக்கவாட்டில் வைத்து இரண்டே அடி. பிடி அசையாமல் நின்றுவிட்டது. ஆணி உள்ளே போன ஓட்டையில் மரத்தூளையும் மெழுகையும் குழைத்து அடைத்து, துணியால் தேய்த்தேன். எங்கே ஆணி இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நைசாக இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் வந்து வாங்கித் திருகிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மர ஆப்புதானக்கா?"

"ஆமா. நாங்க ஆணியே அடிக்கறதில்லையே" என்றேன். வாய் தானாகச் சொன்னது. நூறு தடவை சொன்ன வாய் அல்லவா. அதற்குமேல் ஒரு நொடிகூட அதை நான் நினைக்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு கறிக்குழம்புக்கு ஓடினேன்.

புதன்கிழமை காலையில் அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் கடைக்கு வந்தார். சீசன் ஆர்டர் பேச வருடாவருடம் வருகிற மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "நேத்து பெரிய கண்டத்துல தப்பிச்சோம்மா. ஒருத்தி கொட்டாப்புளிக்குள்ள ஆணி இருந்திருக்கு. தட்டத் தட்ட வெளிய வந்து மினுங்கியிருக்கு. பக்கத்துல இருந்தவ பாத்துக் கத்துனதுல நாலு பேரும் ஓடி வந்து வேப்பமரத்தடியில நின்னுட்டாக. இன்னும் ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா ரூமே இருந்திருக்காது."

ஆணி டப்பா இருந்த டிராயரை நான் இறுகத் தள்ளி மூடினேன். அவர் கவனிக்கவில்லை.

"அன்னிக்கே அவள வெளிய அனுப்பியாச்சு. வீட்டுல இவளே அடிச்சுக் கொண்டாந்துட்டு, விருதுநகர்ல கடையில குடுத்துச் சரி பண்ணுனேன்னு கதை விடுதா. எந்தக் கடைன்னு கேட்டா உங்க கடையச் சொல்லுதா. உங்க கடையில அப்படிச் செய்வாகளா?"

இந்த இடத்தில் அவர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. 'இல்லை' என்ற பதிலை அவரே வைத்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் ஆர்டர் எழுதிய தாள் மடித்து வைத்திருந்தது. மாமனார் காலத்திலிருந்து வருகிற ஆர்டர். அது போனால் மற்ற கம்பெனிகளும் போகும். போலீஸ், கேஸ், கடைக்கு சீல் என்று என்னென்னவோ மனதில் ஓடியது.

"நாங்க ஆணியே அடிக்கறதில்லையே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தைதான். அன்றைக்கு நினைக்காமல் சொன்னது, இன்றைக்கு நன்றாக நினைத்துச் சொன்னேன்.

"நானும் அதத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் தாளை எடுத்து நீட்டினார்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன். நாலு பேர் உயிரோடு இருப்பது கடவுள் கிருபை. அதற்கு நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆனால் ஜெபத்துக்கு நடுவிலும் அவளுக்கு வேலை போனது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கணவரிடம் சொன்னபோது, "வலியப் போய் ஏன் மாட்டுற, யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் அவரிடம் சொன்னேன்.

மறுநாள் ஒரு பையில் பழமும், கடையிலிருந்து ஒரு புதுக் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு சாத்தூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். பெயர்கூட எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் இருந்த பெட்டிக்கடைக்காரம்மாவிடம், இந்த மாதிரி பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தேன். "யாரு, ஆணிக்காரியா? அந்த நீல வீடு" என்று கையைக் காட்டினார் அந்த அம்மா. இரண்டே நாளில் அவளுக்கு ஊர் பெயர் வைத்திருந்தது.

வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சண்டை போடுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்கதான அடிச்சீக?"

தலையை ஆட்டினேன்.

"கேட்டேன்ல்லக்கா நான். மர ஆப்புதானன்னு கேட்டேன்ல்ல."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. வீட்டில் விருந்தாள், அவசரம் என்று ஏதோ உளறியிருப்பேன். என் கறிக்குழம்புக்கும் அவள் உயிருக்கும் முடிச்சுப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது பேசும்போதே எனக்குக் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் சொன்னதிலிருந்து தெரிந்தது இதுதான். அந்த அறையில் அவளோடு இருந்த மூன்று பேரில் ஒருத்தி அவளுடைய சொந்த நாத்தனார், அடுத்த வீடு. ஆணியைப் பார்த்துக் கத்தியதும் அவர்தான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. "எங்க பிள்ளைகள அனாதையாக்கப் பாத்தியே" என்று தெருவில் நின்று கேட்டிருக்கிறார். குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்கள். வேறு கம்பெனி வேன் டிரைவர்களும் இவளை ஏற்றுவதில்லை. ஆணியோடு வருகிறவள் என்று போன் பேச்சிலேயே எல்லாக் கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும்விட, அவளைப் பொய்க்காரி என்று எல்லோரும் நம்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரிக்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கடையில வச்சுத்தான் அடிச்சது, இவளுக்குத் தெரியாதுன்னு. எங்க நாத்தனா காதுபடச் சொல்லுங்க. சனிக்கெழம சாயங்காலம் சம்பளம் போடுவாக, எல்லாரும் கேட்டுலதான் நிப்பாக. அன்னிக்கு வாறீகளா?"

"கண்டிப்பா வர்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பழத்தை அவள் பிள்ளையிடம் கொடுத்தேன். கொட்டாப்புளியை நீட்டியபோது, "இத வச்சு நான் என்னக்கா செய்யட்டும்" என்றாள். திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை போனேன். போகாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. நான் போனேன் என்பதுதான் விஷயம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஐந்து. கம்பெனி கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது பெண்கள், கையில் தூக்குவாளியோடு, சம்பளக் கவரோடு நின்றிருந்தார்கள். வேன்கள் வரிசையாக நின்றன. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு வேலமரத்து நிழலில், அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டி, தலை சீவி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

பேச வேண்டிய முதல் வாக்கியத்தை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். கேட்டை நோக்கி நடந்தேன். அதற்குள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க. ஆர்டர் விஷயமா இம்புட்டுத் தூரம் நீங்களே வந்துட்டீகளா? ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி மரியாதையாக வரவேற்றார். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அத்தனை மரியாதைக்கு நடுவில், தயார் செய்த வாக்கியம் வெளியே வரவில்லை.

"ஆமா, ஆர்டர் விஷயமாத்தான்" என்றேன்.

அலுவலக அறையில் டீ வந்தது. கரண்டி எத்தனை, சட்டம் எத்தனை என்று பேசினோம். இதோ சொல்லிவிடலாம், இந்த டீ முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மடக்குக்கும் நினைத்தேன். டீ முடிந்தது. வெளியே வந்தபோது பெண்கள் வேன்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் அதே வேலமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் என்னைக் கூப்பிடவில்லை, ரோட்டைக் கடந்து வரவும் இல்லை. நான் ரோட்டைக் கடக்காமல், இந்தப் பக்கமே நடந்து, அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் பஸ் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஏதோ விதியைப் பற்றிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதி ஒன்றும் செய்யவில்லை. பாவத்தைச் செய்தவள் பழியை நடந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

தீபாவளி முடிந்து, சரக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, கார்த்திகையில் ஒரு நாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். இனிமேல் ஆர்டர் போனால் போகட்டும் என்று ஒரு வழியாக மனம் துணிந்திருந்தது. சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, ஆணி, மெழுகு, இரண்டு தடவை சொன்ன பொய், எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து அந்தக் கொட்டாப்புளியை எடுத்தார். ஆணி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டையின் ஓரத்தில் என் மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா நைசாத்தான் அடிச்சிருக்கீக" என்றார். "சரி விடுங்க. இனிமே இந்த மாதிரி செஞ்சிராதீக."

அவ்வளவுதான். எந்த ஆர்டருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அந்த ஆர்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த வருடமும் வந்தது, போன வருடத்தைவிடக் கூடவே வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் வந்திருக்கும். பத்தொன்பது வருடமாகக் கடையில் உட்கார்ந்து ஆட்களை எடைபோடத் தெரியும் என்று நினைத்திருந்தவளுக்கு இது தெரியவில்லை.

அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்றேன். "அவ ஊர்லயே இல்லையேம்மா. புருசன் பிள்ளையோட திருப்பூர்ப் பக்கம் போயிட்டாகளாம்" என்றார். நாத்தனார் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று சொன்னார். அவரிடமாவது நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "முடிஞ்சதக் கிளறாதீகம்மா. வேலை நேரம் வேற" என்றார். அந்தக் கொட்டாப்புளியைக் கொடுங்கள், எடுத்துப் போகிறேன் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அதையும் பார்த்தேன். அடுத்த ஆடியில் லோடு ஆட்டோவில் கரண்டிகளோடு நான் போனபோது, அலுவலகத் தாழ்வாரத்தில் புதிதாகச் சேர்ந்த பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் அந்தக் கொட்டாப்புளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். இன்ன ஊர்க்காரி, வீட்டிலேயே ஆணி அடித்துக் கொண்டுவந்து, மெழுகு வைத்து மறைத்து, கேட்டதற்குக் கடைக்காரர்கள் மேல் பழி போட்டாள் என்று. என்னைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. என் கதையைச் சொன்னால் புதுப் பெண்களுக்குப் பயம் வராது, அவள் கதைக்குத்தான் பயம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்: "அது அவ அடிச்சது இல்ல. நான் அடிச்சது."

பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கழுத்தில் செயின், கையில் பில் புத்தகம், வாசலில் லோடு ஆட்டோ. சூப்பர்வைசர் சிரித்தார். "அம்மா தமாஷ் பண்ணுதாக. நமக்குக் கரண்டி குடுக்குற கடை இவுகதான்" என்றார். அந்தப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி நகர்ந்து, நான் உள்ளே போக மரியாதையாக வழி விட்டாள்.

திருப்பூரில் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. டிராயரில் இருந்த ஆணி டப்பாவை, சூப்பர்வைசர் முதலில் வந்து சொன்ன அன்றைக்கே தூக்கிப் போட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சொல்லியிருந்தால் உண்மையாக இருந்திருக்க வேண்டியது, ஒரு வருடம் கழித்துச் சொன்னபோது தமாஷாகப் போய்விட்டது. இன்றைக்கும் யாராவது கடையில் சாமானைக் கையில் எடுத்து, "ஆணி கிடையாதே?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் என் கண் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது, நல்ல சேலை கட்டி, தலை சீவி, என் வாயையே பார்த்துக்கொண்டு அவள் அங்கே நிற்கிறாளோ என்று.